சோழகத்தில் மிதந்த தேயிலைப் பெட்டிகள்

லிந்துலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் இருவருக்கும் ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை மலையில் நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நான் தூளில் கிடக்கும் குச்சிகளைப் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி. என் வீட்டுக்காரர் பெட்டிகளுக்கு மார்க் அடிப்பவர். பலகைப் பெட்டிக்குள் ஈயத்தாள் விரித்து, தூளை நிரப்பி, தகரப் பட்டையால் மூடிய பிறகு, எழுத்து வெட்டிய தகட்டை மேலே வைத்துக் கறுப்பு மையைத் தேய்ப்பார். தோட்டத்தின் பெயரும் தூளின் இனமும் பளிச்சென்று விழும். ஒரு எழுத்தும் பிசிறாது. வேலையில் அவ்வளவு சுத்தம். வாயிலும் அப்படித்தான், பொய் வராது. அதுதான் பின்னால் எனக்குத் தொல்லையாகப் போயிற்று.

எனக்குப் பொறாமை அதிகம். கல்யாணமான புதிதில் ஸ்டோர் கூட்டுகிற பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள் என்று ராத்திரிச் சோறு போடாமல் இருந்திருக்கிறேன். "நா என்ன செஞ்சேன், அவ சிரிச்சதுக்கு?" என்றார். "நீங்க ஏன் பாத்தீங்க?" என்றேன். லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். பெண்பிள்ளை பிறந்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை.

ஐம்பதுகளில் ஒரு வருஷம். தென்மேல் மழை பிடித்து, மலை முழுக்க ஊறிக் கிடந்தது. ஒருநாள் காலை, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் அவரை ஆபீசுக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்தவர் மையைக்கூடக் கழுவாமல் என்னிடம் வந்து நின்றார்.

"நம்ம பெட்டியெல்லாம் கடல்ல மெதக்குதாம்."

கொழும்புத் துறைமுகத்தில், சீமைக்குப் போகிற எங்கள் தேயிலையைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். காற்றடித்து, அலை தூக்கி, படகு கவிழ்ந்துவிட்டது. ஆட்களைக் காப்பாற்றிவிட்டார்கள். பெட்டிகள் போய்விட்டன. இப்போது அவை சிலாபத்துக்கு வடக்கே ஏதோ ஒரு மீன்பிடிக் கிராமத்தில் ஒன்றொன்றாகக் கரையேறுகின்றனவாம். வேறு தோட்டத்துப் பெட்டிகளும் கலந்திருப்பதாலும் உப்புத் தண்ணீரில் எழுத்து அழிந்திருப்பதாலும், எது யாருடையது என்று அடையாளம் சொல்ல ஆள் வேண்டும் என்று கம்பெனி கேட்டிருக்கிறது. தோட்டத்துத் துரை அவரை அனுப்பச் சொல்லிவிட்டார்.

"நாலு நாள்ல வந்துருவேன்," என்று சொல்லிப் போனார். நாலு நாள் கழித்தும் வரவில்லை. அவர் கடலில் விழுந்திருப்பாரோ என்று முதலில் பயந்தேன். பயம் தீர்ந்த பிறகுதான் வேறு யோசனை வந்தது.

பத்து நாள் கழித்து வந்தார். முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, வேறு ஆள் போல இருந்தார். மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நாங்கள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எங்கள் பாட்டன் காலத்து ஆட்கள். லயத்தில் இருந்த அத்தனை பேரும் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அங்க ஆம்பளைங்களே கெடையாது," என்றார். "சோழகக் காத்து பொறந்தா அந்தப் பக்கக் கடல்ல தொழில் செய்ய முடியாதாம். ஆம்பளைங்க எல்லாம் முல்லைத்தீவுப் பக்கம் போயி வாடி போட்டுத் தங்கிருவாங்களாம். வாடின்னா மீன்பிடிக்கிறவங்க போடுற கொட்டாய். வாடைக்காத்து ஆரம்பிச்சாத்தான் ஊருக்கு வருவாங்க."

"அப்ப ஊர்ல?" என்று நான் கேட்டேன்.

"பொம்பளைங்கதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பிறகு அவர் சாப்பாட்டுக் கும்பாவில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தார். காலித் தீப்பெட்டி ஒன்றையும், தண்ணீரில் ஊறிய ஒரு தேயிலைக் குச்சியையும் மிதக்கவிட்டார். ஒரு விரலால் தண்ணீரை ஒரு பக்கமாகச் சுழற்றினார். அதற்கு எதிர்ப்பக்கமாக வாயால் ஊதினார். தீப்பெட்டி ஊதின பக்கம் போனது. குச்சி விரல் சுழற்றின பக்கம் போனது.

"பாத்தீங்களா? சோழகம் தெக்கு மேக்கே இருந்து அடிக்குது. மொதல்ல பெட்டி ஒசந்து மெதக்குது, காத்துப் புடிச்சு வடக்கே தள்ளிட்டு வந்துருது. ஆனா அந்தக் காலத்துல கரையோரத் தண்ணி தெக்குப் பாத்து ஓடுது. பலகை ஊறி, பெட்டி தாழ்ந்துருச்சுன்னா காத்துக்குப் புடி கெடையாது. தண்ணி இழுத்துக்கிட்டு வந்த வழியே தெக்கே கொண்டுபோயிருது. நேத்து கண்ணு முன்னால மெதந்த பெட்டியக் காணோம்னு நாங்க வடக்கே ஓடுறோம். அந்தப் பொம்பள சொன்னா, அண்ணே, அது தாழ்ந்துருச்சு, தெக்கே போயிப் பாருங்கன்னு. போனா, இருக்கு!"

"எந்தப் பொம்பள?" என்றேன்.

"அங்க ஒரு பொம்பள. அவ வீட்டு வாசல்லதான் பெட்டியெல்லாம் அடுக்கி வச்சிருந்தோம்."

அன்று ராத்திரி மட்டும் 'அந்தப் பொம்பள சொன்னா' என்று எத்தனை தடவை சொன்னார் என்று தெரியாது. கடலுக்குள் ஒரு படி இருக்கிறதாம். கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழம் குறைந்த தரையாகவே போய், பிறகு சட்டென்று கிடுகிடு பள்ளமாம். அந்தப் படிக்கு இந்தப்பக்கம் மிதக்கிறது கரையை ஒட்டியே வடக்கும் தெற்குமாக அலைந்து என்றைக்காவது ஒதுங்குமாம். படியைத் தாண்டிவிட்டால் பெருங்கடல் கொண்டுபோய்விடுமாம். அதையும் அந்தப் பொம்பளதான் சொன்னாள். நான் எழுந்து கும்பாவை எடுத்துத் தண்ணீரை வாசலில் வீசிக் கொட்டினேன். தீப்பெட்டியும் சேர்ந்து போயிற்று. பக்கத்துக் காம்பரா அண்ணன், "சரி சரி, படுப்போம்," என்று எல்லோரையும் எழுப்பிக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஆபீசுக்குத் தகவல் வந்தது. இன்னும் சில பெட்டிகள் ஒதுங்கியிருக்கின்றன, அவர் வர வேண்டும் என்று. அவர் சட்டையை மடித்து வைத்த வேகத்தைப் பார்த்தேன்.

"நானும் வர்றேன்," என்றேன்.

"நீ எதுக்கு? வேலைக்குப் போற எடம்."

"கடல் பாக்கணும்."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும். டீமேக்கரிடம் நானே போய்க் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்து, "போயிட்டு வா, அவன பத்தரமாக் கூட்டிட்டு வா," என்றார். மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டுத் தலவாக்கலையில் ரயிலேறினோம். வழியெல்லாம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தோஷமாக வந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சிலாபத்திலிருந்து பஸ், அப்புறம் மணலில் நடை. செருப்பில்லாத காலுக்கு அந்த மணல் சுட்டது. தென்னைக்கு நடுவில் கடல் தெரிந்தபோது அவர் நின்று, "பாரு பாரு," என்றார். நான் பார்க்கவில்லை. தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண்ணைத்தான் பார்த்தேன்.

வயது என்னைவிடக் கொஞ்சம் குறைவு. நல்ல கறுப்பு. எண்ணெய் தேய்த்த கட்டை மாதிரிப் பளபளப்பு. நேராக நின்றாள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சுமந்து வளர்ந்த எங்களுக்கு அந்த நிமிர்வு கிடையாது. அவளுக்கு அழகில்லை என்று இன்றைக்குச் சொன்னாலும் என் நாக்கு கூசும்.

"வாங்கண்ணே. வாங்க மதினி," என்றாள்.

அண்ணன் பெண்டாட்டி, அதனால் மதினி. ஒரு வார்த்தையில் என்னைச் சொந்தமாக்கிவிட்டாள். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் ஆகிவிடுமா என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தாள். வாயில் வைத்ததும் தெரிந்துபோயிற்று. எங்கள் ஸ்டோர் தூள். அதுவும் சீமைக்குப் போகிற முதல்தரத் தூள். ஒரு பெட்டி உடைந்து, உள்ளே ஈயத்தாளுக்குள் நனையாமல் இருந்ததை ஊர்க்காரர்கள் அள்ளியிருக்கிறார்கள். எத்தனையோ வருஷமாக அந்தத் தூளிலிருந்து குச்சி பொறுக்கியவள் நான். எங்களுக்கு மாசாமாசம் கொடுப்பது அடித்தூசி. அந்த வாசம் மூக்குக்குப் பழக்கம், வாய்க்குப் பழக்கமில்லை. அவள் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு, ஏதோ பச்சைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி அதைத் தேங்காய்ச் சிரட்டையில் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல தூளு மதினி. நீங்க தினம் இதத்தான குடிப்பீங்க?"

"ஆமா," என்றேன்.

அப்போதுதான் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்துப் பெட்டி. எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பியிருந்தது. ஆனாலும் அடித்த பட்டையும் ஆணியும் எனக்குத் தெரியாதா? உள்ளே துணி மடித்து வைத்திருந்தாள். மேலே அவளுடைய கைக்குழந்தை படுத்திருக்க ஒரு தலையணை.

எங்கள் காம்பராவில் துணி வைக்க ஒரு உடைந்த பெட்டி கொண்டுவாருங்கள் என்று கல்யாணமானதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். லயத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. அவர் கொண்டுவரமாட்டார். "மார்க் அடிக்கிறவனே பெட்டியத் தூக்கிட்டுப் போனா என்னா மரியாத?" என்பார். எங்கள் துணி கயிற்றில்தான் தொங்கியது.

"இது?" என்று கேட்டேன்.

"அண்ணந்தான் குடுத்தாங்க," என்றாள். குரலில் ஒளிவே இல்லை.

நான் எழுந்து வெளியே போனேன். அவர் பின்னால் ஓடிவந்தார். அலைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அதுவும் நல்லதாய்ப் போயிற்று.

"எனக்கு ஒரு ஒடஞ்ச பெட்டி குடுக்க ஒங்களுக்கு மரியாத எடம் குடுக்கல. அவளுக்கு மட்டும் குடுத்துச்சா?"

"அது வேணாம்னு கம்பெனிக் கிளாக்கர் ஒதுக்குனது. பலகை உப்பிப் போச்சு."

"யாரு கேட்டா? அவளா கேட்டா, நீங்களா குடுத்தீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனைதான் என்னைக் கொன்றது.

"நானாத்தான் குடுத்தேன். இடுப்பளவு தண்ணியில எறங்கிப் பெட்டிய இழுத்துப்போட்டா. சும்மா வந்துர முடியல."

அன்று நான் அவருடன் பேசவில்லை. அவளுடனும் பேசவில்லை. அவள் சமைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டேன், ஏனென்றால் பசித்தது. நன்றாகவும் இருந்தது.

மறுநாள் காலை கம்பெனிக் கிளாக்கரும் அவரும் கரையேறிய பெட்டிகளைப் புரட்டி எழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னிடம் வந்து, "மதினி, அங்க பாருங்க," என்று கடலைக் காட்டினாள். வேண்டாவெறுப்பாகப் பார்த்தேன். முதல் தடவையாக அப்போதுதான் நேராகப் பார்த்தேன். அலைக்கு அப்பால் இரண்டு பெட்டிகள். ஒன்று பாதி உடம்பு வெளியே தெரிய எழும்பி எழும்பி வந்தது. மற்றது மூலை மட்டும் தெரிய, முதலை மாதிரி மூழ்கிக் கிடந்தது.

"ஒசந்தது வடக்கே அந்தச் சாஞ்ச தென்னைக்கிட்ட ஏறும். தாழ்ந்தது தெக்கே போயிரும்," என்றாள்.

"இல்ல. ரெண்டும் இங்கனயே ஏறும்," என்றேன். அவள் சொன்னதை ஒப்புக்கொள்ளக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அவள் சிரித்தாள். "வாங்க, நடந்து பாப்போம்."

உயர்ந்த பெட்டிக்குச் சமமாகக் கரையில் வடக்கே நடந்தோம். காற்று முதுகில் கையை வைத்துத் தள்ளியது. என் சேலை முன்னால் பறந்து முகத்தை மூடியது. அவள் சேலையைக் காலுக்கிடையில் இழுத்துச் செருகியிருந்தாள். என்னையும் அப்படிச் செருகிக்கொள்ளச் சொன்னாள். செய்தேன். மழை மலையில் பெய்கிறதை இங்கே மேகமாகத்தான் பார்க்க முடிந்தது. இதே காற்றுதான் மேலேறிப் போய் எங்கள் லயத்துக் கூரையில் கொட்டுகிறது என்று அவளிடம் சொன்னேன். அதை அவள் கேள்விப்பட்டதில்லை. கண்ணை விரித்து, "அப்பிடியா மதினி?" என்று கேட்டாள். எனக்குச் சின்ன சந்தோஷம்.

அப்புறம் அவள் கேட்டாள்: "என் மேல கோவமா?"

நான் பெட்டியையே பார்த்து நடந்தேன்.

"எனக்கும் ஒங்க மேல எரிச்சல்தான். ஒளிச்சு என்ன செய்ய? எம் புருஷன் வாடிக்குப் போயி இது ரெண்டாவது சோழகம். வாடை பொறந்ததும் எல்லா ஆம்பளையும் தெப்பத்தோட வந்து சேந்தாங்க. போன வருஷம் இவரு வரல. அங்க ஒருத்தி இருக்காளாம். ஒங்க ஆளு இங்க இருந்த பத்து நாளும் எம் பொண்டாட்டி, எம் பொண்டாட்டின்னுதான் பேசினாரு. நீங்க குச்சி பொறுக்குனா தூளுல ஒரு குச்சி இருக்காதாமே? அப்பிடி என்ன பெரிய பொண்டாட்டின்னு எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. நீங்க வாசல்ல வந்து நின்னப்ப ஒங்களத்தான் மேலயும் கீழயும் பாத்தேன்."

யாரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டு அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு நிமிஷம் நிமிர்ந்து நடந்தேன். ஆனால் அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்ததும் அது போய்விட்டது. மண் அவளுடையது. நாலு தென்னை அவளுடையது. ஓட்டுப் போடக் கூப்பிட்டால் போவாள். தோட்டத்து ஆட்களான எங்களுக்கு, இந்தியாக்காரர்கள் என்று சொல்லி அந்த உரிமையைப் பறித்து வருஷங்கள் ஆகியிருந்தன. காம்பராவும் வேலை இருக்கிற வரைக்கும்தான். புருஷன் வராவிட்டாலும் அவள் அங்கேயே நிற்கலாம். எனக்குப் புருஷனைத் தவிர நிற்க ஒரு இடமில்லை. அதனால்தான் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறேனோ என்று அந்த மணலில் நடக்கும்போது தோன்றியது. தோன்றியதே தவிரப் பிடி தளரவில்லை.

பெட்டி அவள் சொன்ன தென்னையைத் தாண்டியும் ஏறவில்லை. இன்னும் வெகுதூரம் வடக்கே நடக்க வைத்தது. "காத்துக் கூடிப்போச்சு," என்று சமாளித்தாள். "நீங்களும் தப்புத்தான் சொல்லுவீங்களா?" என்றேன். அப்போதுதான் இருவரும் சேர்ந்து சிரித்தோம். கடைசியில் ஒரு அலை அதைத் தூக்கி மணலில் போட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். அவர் அடித்த எழுத்து அப்படியே இருந்தது. திரும்பி வரும்போது தாழ்ந்த பெட்டியைத் தேடினேன். தெற்கே, கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஒரு கறுப்புப் புள்ளி போய்க்கொண்டிருந்தது. அதில் அவள் சொன்னதுதான் சரி.

வேலை முடிந்து கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த சோழகத்துக்கும் வாங்க மதினி," என்றாள். அவரிடம், "போயிட்டு வாங்கண்ணே," என்று மட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மணலைப் பார்த்து நடந்தார். அந்தத் தலையாட்டலை மலையேறும் வரைக்கும் மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டே வந்தேன். ரயில் பொல்காவலையைத் தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"அவள ஒங்களுக்குப் புடிச்சிருந்துச்சா?"

வேறு ஆம்பளையாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பான். பெண்டாட்டியும் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

"புடிச்சிருந்துச்சு," என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? வேல முடிஞ்சுச்சு, வந்துட்டேன். ஒன்னையும் கூட்டிட்டுத்தான போனேன்?"

"நானாத்தான் வந்தேன்."

"வரவிடாம இருந்திருக்கலாம்ல?"

நாவலப்பிட்டி தாண்டிக் குளிர் ஏறியதும், மடித்து வைத்திருந்த தன் கோட்டை எடுத்து என் மேல் போட்டார். அதைத் தள்ளிவிடவில்லை. வீட்டுக்கு வந்து மகளை வாங்கிக்கொண்டு, மறுநாள் ஸ்டோருக்குப் போய்க் குச்சி பொறுக்கினேன். பக்கத்தில் இருந்தவள், "கடல் எப்பிடியிருந்துச்சு?" என்று கேட்டாள். "பெரிசு," என்றேன்.

அதற்குப் பிறகு பெட்டி எதுவும் ஒதுங்கவில்லை. மிச்சமெல்லாம் படியைத் தாண்டிப் போயிருக்கும் என்று அவர் சொன்னார். கம்பெனியும் கணக்கை முடித்துவிட்டது. எங்களுக்கு அங்கே போக மறுபடி காரணம் கிடைக்கவில்லை. அவரும் அவளைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பேசாமல் இருக்கிறாரே, மனசுக்குள் வைத்திருக்கிறாரோ என்று அதற்கும் வயிறு எரிந்தேன். மழைக்காலம் பிறந்து காற்று தெற்கு மேற்காகத் திரும்பினால் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். அவர் பாட்டுக்கு மையைக் குழைத்துக்கொண்டிருப்பார்.

சில வருஷம் கழித்து, சம்பளத்துக்கு மறுநாள் தலவாக்கலைக் கடைத்தெருவில், அந்தக் கடற்கரைப் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கிற ஒரு ஆளைச் சந்தித்தோம். என் வீட்டுக்காரர் அந்த ஆளின் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் வீட்டு அடையாளம் சொல்லி விசாரித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அவங்களா?" என்று அந்த ஆள் சிரித்தான். "அவங்க பெரிய ஆளுல்ல? புருஷன் வரலன்னு ஒரு சோழகத்துல பிள்ளையத் தூக்கிக்கிட்டு முல்லைத்தீவுக்கே போயிட்டாங்க. வாடியில இருந்தவளோட பானை சட்டியெல்லாம் வெளிய எறிஞ்சிட்டு அங்கேயே உக்காந்துட்டாங்க. வாடைக்குப் புருஷனக் கையோட கூட்டிக்கிட்டுத்தான் ஊரு வந்தாங்க. இப்ப ரெண்டு பேரும் சேந்து வலை வச்சிருக்காங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. நல்லா இரு தாயே என்று மனசார நினைத்தேன். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் முழுக்க ஒரு பெருமை. தான் பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி அப்படி ஒரு வெளிச்சம்.

"செய்வா. அவ செய்யக்கூடிய ஆளுதான்," என்றார்.

அந்த ஆள் எடை போட்டு வைத்த கருவாட்டை நான் வாங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன்.